எங்கள் வீட்டில் மாதா தங்கிய ஆறு நாள்

மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் தொடங்கினால் எனக்குக் கொட்டாவி வந்துவிடும். பாவம்தான், என்ன செய்வது. சின்ன வயதிலிருந்து கேட்கிறேன். சுவாமிமார் எப்போதும் பெரிய மன்னிப்புகளைப் பற்றியே பேசுவார்கள். கொலைகாரனை மன்னித்த தாய், சிறைக்குப் போய்க் கைகொடுத்த தகப்பன் என்று ஒரே பெரிய ஆட்களாக வருவார்கள். பக்கத்து வீட்டு மாமியை மன்னிப்பது எப்படி என்று ஒருவரும் சொல்லித்தந்ததில்லை. கொலைகாரனாவது எங்கேயோ சிறையில் இருக்கிறான். மாமி ஒவ்வொரு நாள் காலையும் வேலிக்கு அந்தப்பக்கம் நின்று முற்றம் கூட்டுவார்.

நான் இப்போது வவுனியாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். ஆனாலும் ஒக்டோபர் மாதச் சனி, ஞாயிறுகளில் என்னை அங்கே பிடிக்க முடியாது. நெடுங்கேணி பஸ்ஸில் ஏறிவிடுவேன். ஓமந்தை கழிந்து, புளியங்குளத்தில் திரும்பி, காட்டு மணம் யன்னலால் வரத் தொடங்கும்போது எனக்கு வயது பாதியாகக் குறைந்துவிடும். ஒக்டோபர் செபமாலை மாதம். எங்கள் ஒழுங்கையில் மாதா வீடு வீடாகப் போகும் மாதம்.

சுற்றிவர வயலும் சைவக்கார வீடுகளும் இருக்க, நடுவில் போகும் ஒரு ஒடுங்கிய ஒழுங்கையில் மட்டும் பதினொரு வேதக்கார வீடுகள். கோவிலிலிருந்து மாதா சுரூபம் முதலாவது வீட்டுக்கு வரும். ஒரு இரவு அங்கே தங்கும். அடுத்த நாள் பின்னேரம் அந்த வீட்டுக்காரர் அதைத் தூக்கிக்கொண்டு பாட்டோடு அடுத்த வீட்டுக்குப் போவார்கள். அந்த வீட்டுப் பெண் வாசல் படலையில் நின்று இரண்டு கையாலும் வாங்க வேண்டும். பிறகு ஒழுங்கையே கூடிச் செபமாலை சொல்லும். முடிந்ததும் அவித்த கௌப்பிப் பயறில் தேங்காய்ப்பூப் போட்டுத் தருவார்கள், இஞ்சி போட்ட தேத்தண்ணீரும் வரும். சின்ன வயதில் நான் செபமாலைக்குப் போனது கௌப்பிக்காகத்தான் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

இதில் இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. வீட்டிலிருந்து மாதாவைத் தூக்கினால் அடுத்த வீடு வரும்வரை எங்கேயும் இறக்கி வைக்கக்கூடாது. மற்றது, யாரோடாவது மனத்தாங்கல் வைத்துக்கொண்டு மாதாவைக் கையில் வாங்கக்கூடாது. இரண்டாவதை யார் போட்டார்கள் என்று தெரியாது. சுவாமியிடம் கேட்டால் திருச்சபையில் அப்படி ஒன்றும் இல்லையே என்பார். ஆனால் எங்கள் ஒழுங்கையில் அது பத்துக் கட்டளைக்குச் சமம்.

அந்தச் சுரூபம் ஒரு முழ உயரம் இருக்கும். சண்டையில் ஊரே இடம்பெயரும்போது கோவில் மூப்பர் அதைச் சாக்கில் சுற்றித் தென்னையடியில் புதைத்துவிட்டு வந்தார். திரும்பி வந்து தோண்டியபோது ஒரு கையில் விரல்கள் இல்லை. அதைப் பார்த்துவிட்டு, மாதாவும் இனித் தன்னுடைய கட்சிதான் என்று என் அண்ணா சொன்னார். அம்மாவைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள்.

அண்ணாவின் இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. சண்டையின் கடைசி மாதங்களில் ஒரு ஷெல்லில் போனது. அதைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. எங்கள் பக்கத்தில் அப்படி ஒன்று நடக்காத வீடு குறைவு. நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்தது.

பக்கத்து வீட்டு மாமி சொந்தமான மாமி இல்லை. ஆனால் அம்மாவும் அவரும் ஒருவரையொருவர் மச்சாள் என்றுதான் கூப்பிடுவார்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் வேலி இருந்தது, அதில் ஆள் நுழைந்து போக எப்போதும் ஒரு பொட்டும் இருந்தது. மாமியின் ஒரே மகள் பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவள். அவளுக்கும் அண்ணாவுக்கும் கல்யாணம் பேசி, கோவிலில் மூன்று ஞாயிறு வாசிக்கும் அறிவித்தலை முதலாவது ஞாயிறு வாசித்தாயிற்று. இரண்டாவது ஞாயிறு வருவதற்குள் ஊர் கிளம்பிவிட்டது. அந்த ஓட்டத்தில் மாமியின் மனுசன் போனார். அண்ணாவின் கால் போனது.

முகாமில் மாமி எங்களோடு ஒரே வரிசையில் தண்ணீருக்கு நின்றார். கல்யாணத்தைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. அம்மாவும் கேட்கவில்லை, கேட்கிற நேரமும் இல்லை. ஊருக்குத் திரும்பித் தறப்பாள் கொட்டில் போட்டு நாங்கள் இருக்கும்போது, மகளை வவுனியாவில் சொந்தக்காரர் வீட்டில் விட்டிருப்பதாக மாமி சொன்னார். சில மாதம் கழித்துச் சங்கக்கடையில் வைத்து அம்மாவுக்குச் செய்தி கிடைத்தது. மகளுக்குக் கனடா மாப்பிள்ளை, கல்யாணமும் முடிந்துவிட்டது. செய்தியோடு மாமி யாரிடமோ சொன்ன வசனமும் சேர்ந்து வந்தது: "அவனைக் கட்டினா என்ர பிள்ளை வாழ்நாள் முழுக்க நேர்ஸ் வேலை பாக்கவேணும்."

அம்மா சாமான் வாங்காமலே வீட்டுக்கு வந்தார். அண்ணாவுக்கு இந்த வசனம் தெரியக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். பிறகு வேலியில் இருந்த பொட்டைத் தன் கையாலேயே ஓலை வைத்து அடைத்தார்.

என் அம்மாவுக்குச் சண்டை போடத் தெரியாது. அது இன்னும் மோசம். சண்டை போடுகிறவர்கள் ஒரு நாள் களைத்துவிடுவார்கள். அம்மா களைக்கவில்லை. கூரை போன கோவிலில் தகரம் போட்டுப் பூசை நடந்த காலம் அது. ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில் அம்மா மாமி இருந்த பக்கம் திரும்பாமல், அருகில் நின்ற தூணைப் பார்த்துக் கும்பிடுவார். அந்த வருடம் அந்தத் தூணுக்குக் கிடைத்த சமாதானம் ஊரில் வேறு ஒருவருக்கும் கிடைத்திருக்காது.

மாதா வரும் ஒழுங்கிலும் அம்மா கைவைத்தார். ஒழுங்கையின் ஒரு பக்கத்தில் ஐந்து வீடு, முடிவில் ஆறாவதாக நாங்கள், ஏழாவது மாமி, பிறகு மற்றப் பக்கத்தால் நான்கு வீடு. அதுதான் காலங்காலமான வரிசை. ஒழுங்கைக் கோடி வீட்டில் முடித்தால் வடிவாக இருக்கும் என்று என்னவோ ஒரு காரணத்தைக் கண்டுபிடித்து, மாமி வீட்டைப் பதினோராவதாக வைக்கும்படி மூப்பரிடம் சொன்னார். மூப்பர் சமாதானப் பிரியர். தலையாட்டிவிட்டார், மனத்தாங்கல் கட்டுப்பாட்டை அம்மாவுக்கு ஞாபகப்படுத்தவும் இல்லை. அந்த முதல் வருடம் நாங்கள் மாதாவைத் தூக்கிக்கொண்டு மாமியின் படலையைத் தாண்டிப் போனோம். மாமி படலையில் கும்பிட்டபடி நின்றார். எனக்கு அது நன்றாக இருந்தது. உண்மையைச் சொன்னால், மிகவும் நன்றாக இருந்தது.

அடுத்த வருடம்தான் மழை.

ஒரு திங்கட்கிழமை பின்னேரம் மாதா எங்கள் வீட்டுக்கு வந்தார். ஆட்கள் கௌப்பியைச் சாப்பிட்டுவிட்டுப் போய் அரை மணித்தியாலத்தில் பிடித்த மழை விடியும்வரை விடவில்லை. குளம் நிறைந்து வான் பாய்ந்து, ஒழுங்கைக்குக் குறுக்கே போகும் வாய்க்காலை நிரப்பி, மதகையும் மூடிவிட்டது. மேட்டில் இருந்த எங்கள் வீடும் மாமியின் வீடும் மட்டும் இந்தப் பக்கம். மற்ற ஒன்பது வீடும் தண்ணீருக்கு அந்தப் பக்கம்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் அம்மா வாசலில் நின்று தண்ணீரைப் பார்த்தார். மாதாவைக் கொண்டுபோக வழியில்லை. கொண்டுபோகக்கூடிய ஒரே வீடு கூப்பிடு தூரத்தில் இருந்தது. நானும் அண்ணாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மாதாவுக்கு எங்களுடைய வீடு பிடித்துவிட்டதாக்கும் என்று அம்மா சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும்தான் செபமாலைக்கு. மந்திரத்தின் முதல் பாதியை அம்மா சொல்ல, மற்றப் பாதியை நானும் அண்ணாவும் சொன்னோம். மூன்றாவது மணியில் இன்னொரு குரலும் சேர்ந்தது. வேலிக்கு அந்தப்பக்கத்திலிருந்து வந்தது. ஓலை இடுக்கால் பார்த்தேன். உரப்பையை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மாமி சேற்றில் முழங்காலில் இருந்தார்.

அம்மாவுக்கும் கேட்டது. உடனே வேகத்தைக் கூட்டினார். என் வாழ்க்கையில் அவ்வளவு விரைவாக ஒரு செபமாலை சொல்லப்பட்டதில்லை. மூச்சு வாங்காமல் ஐம்பத்து மூன்று மணியும் ஓடியது. மாமி விடவில்லை. மற்றப் பாதியைத் துரத்திக்கொண்டே வந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கினேன். அம்மாவின் முகத்தைப் பார்த்தால் சிரிக்கிற நிலைமை இல்லை.

புதன்கிழமை அம்மா வேறு வழி பிடித்தார். அந்தப்பக்கம் கேட்காத அளவுக்குக் குரலைத் தாழ்த்தினார். எங்கே முடிக்கிறார், எங்கே தொடங்குகிறார் என்று எனக்கே தெரியவில்லை. அப்போது அண்ணா ஒரு வேலை செய்தார். வழமையாக முணுமுணுக்கிற ஆள், அன்றைக்குக் கோவிலில் வாசகம் வாசிப்பதுபோல உரத்து மறுமொழி சொன்னார். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு மாமி சரியாகச் சேர்ந்துகொண்டார். வியாழக்கிழமையும் அதேதான். அம்மா குரலைக் குறைக்கக் குறைக்க அண்ணா கூட்டினார். நடுவில் மேசையில் இருந்த மாதாவுக்கு இரண்டு பக்கக் காதும் வலித்திருக்கும்.

வெள்ளிக்கிழமை செபம் முடிந்து அம்மா புட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். அண்ணா கதிரையில் இருந்து பொய்க்காலைக் கழற்றி, ஈரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல் சொன்னார்.

"அம்மா, நாளைக்கு மாதாவை மாமி வீட்டை குடுங்கோ."

"அவள் உன்னைப் பற்றி என்ன சொன்னவள் எண்டு உனக்குத் தெரியாது."

"தெரியும்."

அம்மா என்னைப் பார்த்தார். நான் இல்லை என்று தலையாட்டினேன். சந்தியில் சைக்கிள் திருத்தும் அண்ணாவுக்கு ஊரில் உள்ள கதை எல்லாம் வரும் என்பதை நாங்கள் இருவரும் ஏனோ யோசிக்கவில்லை. இரண்டு வருடமாக நாங்கள் மறைத்து வைத்திருந்ததை அவர் எங்களிடமிருந்து மறைத்து வைத்திருந்திருக்கிறார்.

"எனக்கு நொந்தது அம்மா," என்றார் அண்ணா. "இண்டைக்கும் நினைச்சா நோகும். அவா சொன்னது பிழைதான். ஆனா அது எனக்குச் சொன்ன சொல்லு. நான் அதை விட்டிட்டன். நீங்கள் ரெண்டு பேரும் ஏன் இன்னும் தூக்கிக்கொண்டு நிக்கிறியள்?"

"உனக்காகத்தான்ரா."

"எனக்காக எண்டா விடுங்கோ. நான் சைக்கிள் திருத்துற ஆளா இருக்கப் பாக்கிறன். நீங்கள் அவாவோட கதைக்காத ஒவ்வொரு நாளும், கால் போனதால கைவிட்டவை எண்டு ஊருக்கு ஞாபகப்படுத்துறியள். எனக்கு அதுதான் ஏலாமக் கிடக்கு."

 அம்மா புட்டைத் தட்டில் போட்டு அண்ணாவிடம் கொடுத்துவிட்டுக் குசினிக்குப் போனார். அங்கே நெடுநேரம் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார், அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை. எனக்கோ அண்ணாவின்மேல் கோபம் வந்தது. நாங்கள் யாருக்காக இவ்வளவும் செய்தோம்?

சனிக்கிழமை பின்னேரம் மழை தூறிக்கொண்டிருந்தது. அம்மா சேலையை மாற்றிக்கொண்டு வந்து மாதாவைத் தூக்கினார். நான் குடையைப் பிடித்தேன். அண்ணா வீட்டில் நின்றார். பத்தடி தூரம், ஆனால் சேற்றில் வழுக்கி வழுக்கி மாமியின் படலைக்குப் போனோம். அது சாத்தியிருந்தது. நாங்கள் வருவோம் என்று மாமி எதிர்பார்த்திருக்க மாட்டார்.

"கூப்பிடு," என்றார் அம்மா.

நான் வாயைத் திறக்கவில்லை.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருக்கவில்லை, கெஞ்சல்தான் இருந்தது. இரண்டு வருடமாகச் சொல்லாத ஒரு சொல்லைத் தனக்குப் பதிலாக நான் சொல்லிவிட மாட்டேனா என்று கேட்டார். நான் குடையின் கம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் அம்மாதான் கூப்பிட்டார்.  

"மச்சாள், படலையைத் திறவுங்கோ. மாதா வந்திருக்கிறா."

மாமி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே ஓடிவந்தார். படலையைத் திறந்தார். கை நீட்டப் போனவர் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"நான் வாங்கமாட்டன் மச்சாள். உங்கட மகனிட்டை மன்னிப்புக் கேக்காம நான் மாதாவைத் தொடமாட்டன்."

சொல்லிவிட்டு எங்களைத் தாண்டி எங்கள் வீட்டுக்குள் போய்விட்டார். நாங்கள் இருவரும் மாமியின் படலையில் மழைக்குள் நின்றோம். மாதாவை இறக்கி வைக்கவும் முடியாது. உள்ளே மாமி அழுவது கேட்டது. பிறகு அண்ணா ஏதோ சொல்வது கேட்டது. பிறகு, கேட்டால் நம்பமாட்டீர்கள், மாமி சிரிப்பது கேட்டது. அழுகையும் சிரிப்பும் கலந்த ஒரு சத்தம். கை உளைகிறது, இவர்கள் அங்கே என்னத்துக்குச் சிரிக்கிறார்கள் என்று அம்மா முறையிட்டார்.

நடந்ததை அண்ணா பிறகு சொன்னார். மாமி வந்த வேகத்தில் காலில் விழுந்து பிடித்திருக்கிறார். பிடித்தது பொய்க்காலை. "மாமி, அது என்ர கால் இல்லை, சும்மா தந்த கால். விழுறதெண்டா மற்றதில விழுங்கோ," என்றிருக்கிறார் அண்ணா. அதற்குப் பிறகு எப்படிச் சிரிக்காமல் இருப்பது?

மாமி அண்ணாவையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்து இரண்டு கையையும் நீட்டினார். அம்மா மாதாவைக் கொடுத்தார். "கவனம், விரல் இல்லாத பக்கம் கூர்," என்றார்.  மன்னித்தேன் என்ற சொல்லை அம்மா அன்றைக்கும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. அடுத்த மாதம் மாமி காய்ச்சலாகக் கிடந்தபோது இரண்டு நேரமும் கஞ்சி கொண்டுபோனார். கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து, அவளுக்கு உப்புப் போதாதாம் என்று குசினியில் நின்று திட்டவும் செய்தார். சில நாள் பழையபடி முகம் கறுக்கும், அடுத்த நாள் தானாகவே வேலியடிக்குப் போவார். அடைத்த பொட்டு திறபட ஒரு வருடத்துக்குமேல் சென்றது.

ஆனால் அந்தச் சனிக்கிழமை இன்னும் முடியவில்லை. மாமி வீட்டில் செபமாலை சொல்லி முடித்து, தேத்தண்ணீரும் குடித்து எழும்பும்போது மாமி என் கையைப் பிடித்தார்.

"பிள்ளை, நீயும் என்னை மன்னிச்சிட்டியே?"

அம்மா பார்த்தார். அண்ணா பார்த்தார். மேசையில் மாதா.

"ஓம் மாமி," என்றேன்.

பச்சைப் பொய். எனக்கு அண்ணாவைப்போலப் பெரிய மனம் இல்லை, அம்மாவைப்போலக் கஞ்சி காய்ச்சிக் காய்ச்சி மனத்தை இளக்கவும் தெரியாது. கனடாவுக்குப் போன என் தோழி எனக்கு ஒரு கடிதம்கூடப் போடவில்லை. அது ஒரு பக்கம். மற்றது, அண்ணா முன்பு கோவில் வளவில் பந்துக்குப் பின்னால் ஓடுவது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. அந்த ஓட்டம் போனதற்கு நான் யாரோடு கோபிப்பது? ஷெல்லோடு கோபிக்க முடியாது. அது எங்கிருந்து வந்தது என்று பார்த்தவர் யாரும் இல்லை. மாமி பக்கத்து வீட்டில் இருந்தார். கை எட்டும் தூரத்தில் எனக்குக் கிடைத்த ஒரே குற்றவாளி அவர்தான். அவரையும் மன்னித்துவிட்டால் எனக்கு என்ன மிஞ்சும்?

அந்தப் பொய்யோடு பன்னிரண்டு வருடம் போனது. தறப்பாள் போய்க் கல்வீடு வந்தது, கோவிலுக்கு ஓடு வந்தது, ஒழுங்கைக்குக் கொங்கிரீட் வந்தது. அண்ணா கல்யாணம் முடித்தார், மூன்று பிள்ளைகள். மூத்தவள் வாயாடி, தகப்பனின் பொய்க்காலை ஒளித்து வைத்து விளையாடுகிறவள். அம்மா நான்கு வருடத்துக்கு முன் காலமானார். தலைமாட்டில் விடிய விடிய இருந்தவர் மாமிதான். நான் ஒவ்வொரு ஒக்டோபரும் வருவேன், மாமி வீட்டுச் செபமாலைக்குப் போவேன், கதிரையின் நுனியில் இருந்து தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு முதல் ஆளாக எழும்புவேன். மரியாதை குறையாமல்தான்.

போன ஒக்டோபரும் போனேன். அண்ணாவின் மனைவி மாதாவைத் தூக்கி வர, நான் கூட்டத்தோடு மாமியின் படலைக்குப் போனேன். மாமிக்கு இப்போது கை நடுங்குகிறது. தனியே வாங்கப் பயந்து, கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்தார்.

"பிள்ளை, ஒரு பக்கம் பிடிச்சுக்கொள்ளு," என்றார்.

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பிடித்தேன். மாமியின் கையின்மேல் என் கை. அந்த நடுக்கம் சுரூபத்தால் என் கைக்கும் வந்தது. மனத்தாங்கலோடு மாதாவைத் தொடக்கூடாது என்ற கட்டுப்பாட்டை நான் ஒருநாளும் பெரிதாக நம்பியதில்லை. ஆனால் அந்தப் படலையிலிருந்து மேசை மட்டும் நடந்த தூரம் எனக்குத் தாங்கமுடியாமல் இருந்தது.

அன்றைக்கு நான் முதல் ஆளாக எழும்பவில்லை. எல்லோரும் போகும்வரை இருந்தேன். மாமி கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டேன்.

"மாமி, அந்த மழை வருசம் நான் சொன்னது பொய். நான் உங்களை மன்னிக்கேல்லை. இண்டைக்கும் முழுக்க ஏலாமக் கிடக்கு."

மாமி கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். முகத்தில் அதிர்ச்சி எதுவும் இல்லை.

"தெரியும் பிள்ளை. அண்டைக்கே தெரியும்."

"பிறகேன் ஒண்டும் கேக்கேல்லை?"

"கேட்டிருந்தா நீ வராமலே விட்டிருப்பாய்," என்றார் மாமி. "கோவத்தோடயும் வந்து இருந்து குடிச்சிட்டுத்தானே போறனி. எனக்கு அது காணும். ஏலுமான நேரம் மன்னி. ஏலாட்டிலும் வா."

கேத்திலில் மிச்சம் இருந்ததை என் கோப்பையில் ஊற்றினார். பாதி வெளியில் சிந்தியது. நான் அழத் தொடங்கினேன். இந்த வீட்டில் ஒருவர் மற்றவரைப் பொறுத்துக்கொண்டிருக்கிறார் என்றால் அது நான்தான் என்று பன்னிரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.